கரி எத்தனை நாளைக்கு வரும்? – ஃப்ராஸ்ட்பங்க் ஆடிய அனுபவம்

ஃப்ராஸ்ட்பங்க் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் குளிர்தான் வரும். பனி, புயல், கடைசியில் மைனஸ் 150 டிகிரி. ஆடி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது குளிரைப் பற்றிய ஆட்டமே இல்லை. வரவு செலவு எழுதுகிற ஆட்டம். அதோடு, ஊர் ஜனங்களிடம் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்ற அல்லாடுகிற ஆட்டம். பனி வெறும் திரைச்சீலை.

எனக்குத் திருத்துறைப்பூண்டியில் சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ் டிசைன் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் ரோட்டோரம் போய் நிற்கும். பேனர் வேலைக்காகக் கொஞ்சம் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருப்பதால், ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவேன். சித்திரை வெயிலில் பனியன் நனைய உட்கார்ந்துகொண்டு, திரைக்குள் இருப்பவர்கள் விறைத்துப் போகிறார்களே என்று கவலைப்படுகிறவனைப் பார்த்து அம்மா சிரித்ததில் தப்பே இல்லை.

ஆட்டத்தை உருவாக்கியது போலந்து நாட்டு வார்சாவில் இருக்கும் 11 பிட் ஸ்டுடியோஸ். இதற்கு முன்பு 2014இல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்று, போருக்கு நடுவே மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களைப் பற்றி ஓர் ஆட்டம் செய்து பேர் வாங்கியவர்கள். ஃப்ராஸ்ட்பங்க் 2018 ஏப்ரல் 24இல் வந்தது. கதை நடக்கும் வருஷம் 1886. நிஜ வரலாறு அல்ல, கற்பனை. உலகமே உறைகிறது. லண்டனை விட்டுக் கிளம்பிய ஒரு கூட்டம், வடக்கே நிலக்கரி கிடக்கும் பள்ளத்தில் நிற்கும் ஒரு மாபெரும் நீராவி ஜெனரேட்டரைச் சுற்றி ஊர் அமைக்கிறது. ‘எ நியூ ஹோம்’ என்ற முதன்மைக் கதையில் மொத்தம் 80 பேர், குழந்தைகளையும் சேர்த்து. தெருக்கள் ஜெனரேட்டரைச் சுற்றி வட்ட வட்டமாகப் போகும். பக்கத்து வட்டத்துக்குச் சூடு கிடைக்கும், தள்ளிப் போகப் போகக் கிடைக்காது.

ஒருநாள் சித்தப்பா கடைக்கு வந்திருந்தார். யாருக்கோ வருஷாப்திகப் பேனர், படம் கொடுக்க வந்தவர். பிரிண்ட் எடுக்கும்வரை என் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுவுல புகையுதே, என்னடா அது?”

“ஜெனரேட்டர் சித்தப்பா. நிலக்கரியில ஓடுது. அது அணைஞ்சா ஊரே விறைச்சுப் போயிரும்.”

“கரி எவ்ளோ இருக்கு?”

“நானூத்திச் சொச்சம்.”

“அதையா கேட்டேன்? எத்தன நாளைக்கு வரும்?”

ஆட்டத்தைப் பற்றி நான் படித்த, பார்த்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. டெல்டா விவசாயிக்கு இது பழக்கம். மேட்டூர் அணையில் எத்தனை அடி என்று பார்ப்பது பேப்பர் படிக்கிறவர்கள். வரத்து என்ன, திறப்பு என்ன என்று கேட்பவர்தான் நாற்று விடப் போகிறவர். முழுக் கொள்ளளவான 120 அடிக்கு நின்றால் 93.47 டி.எம்.சி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒருநாள் பூராவும் திறந்தால் 1 டி.எம்.சி. காலி. இந்த வகுத்தலைச் சித்தப்பா கால்குலேட்டர் இல்லாமலேயே போடுவார். ஜூன் 12இல் திறந்தாலும் சரி, தள்ளிப் போனாலும் சரி, எங்கள் பக்கம் கடைமடை. திறந்த தண்ணீர் நாங்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சேருவது எப்போது என்ற கேள்வி தனியாக இருக்கிறது.

ஆட்டத்திலும் இதுதான் விஷயம். ஜெனரேட்டரைச் சொடுக்கினால் மணிக்கு எவ்வளவு கரி எரிகிறது என்று காட்டும். கையிருப்பு 600, மணிக்கு 12 போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மணி நேரம், அதாவது இரண்டு நாளும் இரண்டு மணியும். இதில் உள்ளே வருவது எவ்வளவு? ஆட்கள் வேலை செய்வது காலை 8 முதல் மாலை 6 வரைதான். ஜெனரேட்டரை விடாமல் ஓட்டினால் அது 24 மணி நேரமும் தின்னும். 10 மணி நேரத்தில் வந்ததை வைத்து 24 மணி நேரம் ஓட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் புதிதாக ஆடுபவர்களின் ஊர் சாகிறது. பகலில் எண் ஏறுவதைப் பார்த்து நிம்மதியாகி, வீடு கட்டப் போய்விடுவார்கள். விடியற்காலையில் ஜெனரேட்டர் அணைந்திருக்கும்.

ஆரம்ப நாட்களில் ஜெனரேட்டரை ராத்திரியில் மட்டும் ஓட்டுங்கள். முதலில் மைனஸ் 20தான் இருக்கும், பகலில் எல்லோரும் வெளியே கரி, மரம், இரும்புக் குவியல்களில் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், வெறும் கூடாரத்துக்குச் சூடு ஊட்டி என்ன பிரயோசனம்? மாலை ஆறானதும் போட்டுவிட்டு, விடிந்ததும் நிறுத்தலாம். குளிர் இறங்க இறங்க இந்தச் சலுகை கிடைக்காது, அதனால் கிடைக்கும்போதே அனுபவித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் ஆரம்பித்த கையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி நிறுத்திவிட்டு ஆள் பிரியுங்கள். கரிக்கு, மரத்துக்கு, இரும்புக்கு என்று. ஒரு குவியலுக்கு 15 பேர் வரை போகலாம். சீக்கிரமே இரண்டு மூன்று குவியல்களுக்கு நடுவில் ஒரு சேகரிப்புக் கொட்டகை கட்டிவிட்டால் 10 பேர் போதும், அவர்களும் வெட்டவெளிக் குளிரில் நிற்க வேண்டியதில்லை. கூடாரம் ஒன்றில் 10 பேர் தங்குவார்கள், ஆக எட்டுக் கூடாரம். எல்லாவற்றையும் முதல் நாளே கட்டத் தேவையில்லை என்றாலும் அதை அதிகம் தள்ளிப்போட்டால் மருத்துவக் கொட்டகை நிறைந்துவிடும். மருத்துவக் கொட்டகைக்கு இன்ஜினியர்கள் தேவை, ஆராய்ச்சிப் பட்டறைக்கும் அவர்களேதான் தேவை. நோயாளி பெருகினால் ஆராய்ச்சி நிற்கும். ஆராய்ச்சி நின்றால் சூட்டை வளர்க்க முடியாது. சூடு இல்லையேல் நோயாளி. இந்தச் சுழலில் ஒரு தடவை விழுந்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம், அதனால்தான் முதல் நாளே ஒரு பட்டறையைக் கட்டி ஆள் போட்டுவிடச் சொல்கிறேன்.

ஆராய்ச்சியில் வழிகாட்டி விளக்கைச் சீக்கிரம் முடியுங்கள். அது வந்தால்தான் ஐந்து பேர் கொண்ட தேடல் குழுவை வெளியே அனுப்பலாம். அவர்கள் ஆட்களைக் கூட்டிவருவார்கள், நீராவி உலைக்கரு என்ற பொருளைக் கொண்டுவருவார்கள். அதை ஊருக்குள் செய்யவே முடியாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். நல்ல சுரங்கத்துக்கும், பசுமைக்குடிலுக்கும், இயந்திர மனிதனுக்கும் அது வேண்டும். கிடைத்ததையெல்லாம் உடனே செலவழிக்கும் ஆசை வரும். முதல் உலைக்கருவைக் கரிக்கே கொடுங்கள். சோறு கொஞ்ச நாள் வேட்டையில் சமாளிக்கலாம்.

சட்டப் புத்தகம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். இத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு சட்டம் கையெழுத்துப் போடலாம். குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாமா, இல்லை காப்பகத்தில் வைக்கலாமா? 10 பங்கு பச்சை உணவிலிருந்து 20 சாப்பாடு சமைப்பதா, அல்லது சூப்பாக்கி 25 ஆக்குவதா? இல்லை, சூப்புக்குப் பதிலாக மரத்தூள் கலப்பதா? வேலை நேரத்தை 14 மணி ஆக்குவதா? பிணத்தைப் புதைக்க இடம் ஒதுக்குவதா, பனிக்குழியில் போடுவதா?

நான் கண்டவரை காப்பகச் சட்டம் நீண்ட ஓட்டத்துக்கு லாபம். அதற்கு அடுத்தபடியாகக் குழந்தைகளை இன்ஜினியர்களுக்கோ மருத்துவர்களுக்கோ உதவியாளாக விடும் சட்டம் வரும், பட்டறையின் வேகம் கூடும். குழந்தைத் தொழில் சட்டம் முதல் வாரத்தில் கைக்கு ஆள் கொடுக்கும், அது உண்மை. திருவாரூரில் பள்ளியில் படிக்கும் என் சித்தி மகன் இதை ஆடும்போது யோசிக்காமல் குழந்தைகளைக் கரிக்கு அனுப்பினான். “ஆள் பத்தல அண்ணா, வேற என்ன பண்றது?” என்றான். அவன் ஊர் என் ஊரைவிட நன்றாகவே தப்பிப் பிழைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆட்டம் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. கெட்டதைச் செய்தால் தோற்பாய் என்றெல்லாம் மிரட்டுவதில்லை. கெட்டது பல நேரம் வேலைக்கு ஆகும், அதுதான் சங்கடம்.

அவசர நாட்களுக்கு 24 மணி நேர வேலைச் சட்டம் ஒன்று உண்டு. அதைக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்துவதுதான் யோசித்துச் செய்ய வேண்டியது. கரி விடியும் முன் தீரும் என்று கணக்கு காட்டினால் சுரங்கத்துக்கு மட்டும் ஓர் இரவு போடலாம். அதையே வழக்கமாக்கினால் ஆள் செத்துவிழுவான், அதிருப்தி ஏறும். செத்தவனைச் சொடுக்கினால் அவனுக்குப் பெயர் இருக்கும், வீடு இருக்கும், மனைவி பிள்ளை யார் என்று இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ‘நாளைக்குக் காலையில வேணும்’ என்று கண்ணீர் அஞ்சலிக்குப் படம் வாங்கி முகத்தைச் சுற்றிக் கத்தரித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பெயர்ப்பட்டியல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

திரையின் கீழே இரண்டு கோடுகள் இருக்கும், நம்பிக்கை, அதிருப்தி. நம்பிக்கை அடியோடு இறங்கினாலோ அதிருப்தி உச்சிக்குப் போனாலோ ஜனங்கள் கெடு வைப்பார்கள். சரிசெய்யாவிட்டால் உங்களையே ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள். அவ்வப்போது கூட்டமாக வந்து கேட்பார்கள், எல்லோருக்கும் வீடு வேண்டும், நோயாளிக்கு வைத்தியம் வேண்டும் என்று. வாக்குக் கொடுக்கலாம், மறுக்கலாம். வாக்குக் கொடுத்தால் கெடு ஓடும்.

கஜா நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தது இங்கேதான். 2018 நவம்பர் 16 அதிகாலை அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் தெருவில் நின்றிருந்த மரத்தில் பாதி இல்லை. கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கரன்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்று யாருக்கும் அன்றைக்குத் தெரியாது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும், மோட்டாருக்குக் கரன்ட் வேண்டும். நாலைந்து தெருக்காரர்கள் காசு போட்டு டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். கணக்கு எழுதியது சித்தப்பா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. எந்தத் தெரு, எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது, எவ்வளவு டீசல் ஊற்றியது. நோட்டு ஈரம் பட்டு ஓரம் சுருண்டுபோயிருக்கும், பேனாவை அதன் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று. தொட்டி நிரம்பிய பிறகுதான் செல்போன் சார்ஜ். அதிலும் வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதலில்.

அப்போது அந்தப் பக்கம் வந்த ஒருவர், யாரென்பது இங்கே வேண்டாம், ‘நாளைக்கு ராத்திரிக்குள்ள லைட் எரியும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ராத்திரி லைட் எரியவில்லை. அன்றைக்கு நடந்த சண்டை, ஜெனரேட்டர் வராத முதல் இரண்டு நாட்களில்கூட நடக்கவில்லை. சித்தப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான்: “டீசல் இருக்கிற வரைக்கும் ஓடும். மூணு கேன் இருக்கு.” நாள் சொல்லவே மாட்டார். அவரிடம் யாரும் சண்டை போடவில்லை.

ஆட்டத்தில் ஜனங்கள் வாக்குக் கேட்டு வரும்போது நான் செய்வது அதுதான். இப்போதே முக்கால் பங்கு முடிந்திருக்கும் வேலைக்கு மட்டும் வாக்குக் கொடுப்பேன். எட்டு வீட்டில் ஆறு முடிந்திருந்தால் சரி என்பேன். மரமும் இல்லை இரும்பும் இல்லை என்றால் மறுத்துவிடுவேன். மறுப்பதற்குக் கிடைக்கும் தண்டனை சின்னது. கொடுத்த வாக்கு தவறினால் நம்பிக்கை சரியும் வேகம் பயங்கரம். கதையின் நடுவில், வின்டர்ஹோம் என்ற இன்னொரு ஊர் அழிந்துவிட்டது என்று தேடல் குழு கண்டுபிடிக்கும்போது ஒரேயடியாக நம்பிக்கை விழும். அந்தச் சேதிக்கு முன்பே நம்பிக்கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம், லண்டனுக்கே திரும்பிப் போகலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பும்.

இந்த இடத்தில்தான் ஆட்டம் இரண்டு பாதை காட்டும். ஒன்று காவல், ஒழுங்கு. இன்னொன்று வழிபாடு, இறைநம்பிக்கை. காவல் என்றால் காவல் நிலையம், கோபுரம், அறிவிப்பு. வழிபாடு என்றால் பிரார்த்தனை வீடு, கோயில். இரண்டிலும் முதல் சில படிகள் நல்லவைதான், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியும் அடுத்ததைக் கொஞ்சம் சுலபமாக்கும். கடைசிப் படியில் கையெழுத்துப் போட்டால் நம்பிக்கைக் கோடே காணாமல் போய்விடும். காவல் பாதையில் அந்த இடத்தில் கீழ்ப்படிதல் வந்து உட்காரும், வழிபாட்டில் பக்தி. அப்புறம் கோஷ்டியும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆடுவதற்கு எளிது. நான் அதைத் தொடாமலேயே முடித்தேன், முடியும். சித்தி மகன் கடைசிப் படி வரை போனான், அவனும் முடித்தான். அவன் ஊருக்கு ஆட்டம் கடைசியில் காட்டிய வாசகம் அவனுக்குப் பிடிக்கவில்லை, “ஜெயிச்ச அப்புறம் என்ன கேள்வி கேக்குது இது?” என்று கோபப்பட்டான். ஊர் பிழைத்தது சரி, இது தகுமா என்று கேட்டுவிட்டுத்தான் திரை இருளும்.

இனி, கதையின் கடைசியில் வரும் பெரும்புயலுக்கு ஏற்பாடு. அறிவிப்பு வந்தவுடன் புதிதாக எதையும் கட்டத் தொடங்காதீர்கள். புயலில் வேட்டைக்காரர்கள் போக முடியாது, தேடல் குழுக்கள் வெளியே இருந்தால் திரும்ப அழைத்துவிடுங்கள். சமைத்த சாப்பாட்டை நாள் கணக்கில் பார்த்துச் சேருங்கள். கிடங்குகளைக் கூட்டுங்கள், கிடங்கு நிறைந்தால் சுரங்கம் சும்மா நிற்கும், அது பெரிய வீண். ஜெனரேட்டரை மிதமிஞ்சி ஓட்டும் வசதியைக் கடைசி ராத்திரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 100 சதவீதத்தைத் தொட்டால் வெடித்துவிடும், அதனால் அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. மருத்துவக் கூடங்களை உள்வட்டத்திலேயே வைத்திருந்தால் அந்த ராத்திரியில் உங்களுக்கே தெரியும் ஏன் என்று.

ஆட்டத்தில் தமிழ் கிடையாது. சட்டங்களின் விளக்கம் ஆங்கிலத்தில் நாலைந்து வரி இருக்கும். சிறு படங்களைப் பார்த்தே சமாளிக்கலாம் என்று பையன்கள் நினைக்கிறார்கள், கட்டிடங்களுக்கு அது சரிப்படும், சட்டத்துக்குச் சரிப்படாது. கையெழுத்துப் போடுமுன் அந்த நாலு வரியைப் படித்துவிடுங்கள், அகராதி பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இனி நம் ஊர்ச் சிக்கல். மே மாதம் எங்கள் கடைக்குள் மதியம் நிற்க முடியாது. அந்த நேரத்தில் மைனஸ் 40 டிகிரிப் பனிப்புயலைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் கொதித்து, படம் திக்கித் திக்கி ஓடும். ஊர் பெரிதாகும் கடைசிக் கட்டத்தில் இன்னும் மோசம். நிழல், பனித்தூள் போன்ற அமைப்புகளைக் குறைத்துவிடுங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது அசிங்கமாக இருந்தாலும் பலன் தரும். நான் காலை ஐந்து மணிக்குத்தான் இப்போதெல்லாம் ஆடுகிறேன். யு.பி.எஸ். இல்லாமல் இந்த ஆட்டத்தைத் தொடவே வேண்டாம். கரன்ட் போகாது என்று நினைத்து ஒவ்வொரு நாள் முடிவிலும் கையால் சேமிக்காமல் விட்டால், போவது சரியாக அந்தப் புயல் நேரத்தில்தான் போகும். சேமிப்பை ஒரே பெயரில் மேலெழுதாமல் இரண்டு மூன்று பெயரில் மாற்றி மாற்றி வையுங்கள். ஏற்கெனவே கரி தீர்ந்த ராத்திரியைச் சேமித்து வைத்துப் புண்ணியமில்லை.

இரண்டாம் பாகம் 2024 செப்டம்பர் 20இல் வந்தது. அதில் நிலக்கரிக்கு அப்பால் எண்ணெய் வருகிறது, கோஷ்டிகள் மன்றத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள். என் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது, ஃப்ளெக்ஸ் விற்று அதற்குக் கார்டு வாங்க எனக்கும் மனசில்லை. முதல் பாகத்திலேயே இன்னும் ஆடாத கதைகள் கிடக்கின்றன. முதன்மைக் கதையை முடித்தவர்கள் அடுத்ததாக வின்டர்ஹோம் வீழ்ந்த கதைக்குப் போகலாம். அதில் ஊர் ஏற்கெனவே பாதி எரிந்து கிடக்கும், கோணல்மாணலான தெருக்கள், பழுதான ஜெனரேட்டர். அங்கே போனதும் வீடு கட்டாதீர்கள். இடிந்து கிடப்பவற்றை முதலில் அகற்றுங்கள், மரமும் இரும்பும் அதிலேயே கிடைக்கும், இடமும் கிடைக்கும். ஜெனரேட்டர் தேறாது என்று தெரியவந்த பிறகு, ஊரைக் காலி செய்யும் வண்டியில் ஏற்ற ஆட்களும் பொருளும் சேர்க்க வேண்டியிருக்கும், எல்லோருக்கும் இடம் இருக்காது. அந்தக் கட்டம் வரும் முன்பே இரும்பைச் சேர்க்க ஆரம்பித்துவிடுங்கள்.